"வெறும் கேஸ்" என்ற தனசேகரன் அண்ணன்

சென்ற செவ்வாய்க்கிழமை திண்டிவனம் பேருந்து நிலையத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தியபோது, நேரக் காப்பாளர் என் சன்னலருகே வந்து, "தனசேகர் தவறிப் பூட்டாரு டிரைவரே" என்றார். வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். விழுப்புரம் வந்து எல்லோரும் இறங்கிய பிறகுதான் அழுதேன்.

பதினோரு ஆண்டுகள் என் வண்டியில் நடத்துநராக இருந்தவர் தனசேகரன் அண்ணன். சொந்த ஊர் கண்டமங்கலம். வயதானவர்கள் ஏறினால் அவர்கள் உட்காரும்வரை விசில் ஊத மாட்டார்.

நாங்கள் சேர்ந்து ஓடத் தொடங்கிய முதல் ஆண்டே அவருக்கு நெஞ்சு கரிப்பு இருந்தது. விக்கிரவாண்டியில் பரோட்டா சாப்பிட்டு ஏறியதும் மார்பைத் தடவிக்கொள்வார். கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தால் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறும்.

"டாக்டராண்ட காட்டுங்கண்ணே" என்பேன்.

"வெறும் கேஸு தம்பி. லீவு போட்டுக்கினு எங்க அலையறது?"

மருந்துக் கடை மாத்திரையைச் சப்பிக்கொண்டே வேலை பார்த்தார். பலமுறை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு காலை வேளைகளில் குரல் கம்மத் தொடங்கியது. படுத்தால் வறட்டு இருமல். சாலைப் புழுதி என்று நினைத்தோம். கடந்த ஆண்டு இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே இறக்கினார். காக்கிச் சட்டை தொளதொளத்துப் போனது. வயசாகிறது என்றார்.

புதுச்சேரியில் வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த மருத்துவர், உணவுக்குழாயில் புற்று முற்றிவிட்டது என்றார். பல ஆண்டுகளாக அமிலம் மேலேறிப் புண்ணாக்கிய இடம் அது. எதுக்களிப்பு விடாமல் நீடித்தபோதே வந்திருக்க வேண்டும், விழுங்கச் சிரமம் என்றதும் ஒரு வாரம்கூடப் பொறுத்திருக்கக் கூடாது என்றார். இனி வலிக்குத்தான் மருந்து.

வெளியே வந்ததும் அண்ணன் என்னிடம், "அவர் சொன்னது அத்தினியும் எனக்கு இருந்திச்சே தம்பி. நோவுன்னே தோணலியே" என்றார்.

சாவு வீட்டில் அவர் மனைவி மல்லிகா அண்ணி என்னைப் பார்த்ததும் கேட்டார்: "பொழுதன்னிக்கும் கூடவே இருந்தீங்களே, உங்களுக்காச்சும் தெரிஞ்சிருக்கக் கூடாதா?"

 

வாய்க்கரிசி போட என்னையும் கூப்பிட்டார்கள். கடைசி நாட்களில் ஒரு மிடறு தண்ணீர்கூட இறங்காத வாய். அரிசியை இட்டபோது வறண்டு வெடித்திருந்த உதடு என் விரலில் பட்டது.

போங்கள் அண்ணே. இனி நீங்கள் எதையும் விழுங்க வேண்டியதில்லை.