சித்தப்பாவின் பர்மா ரத்தம்

என் சித்தப்பா பர்மாச் சண்டையிலிருந்து திரும்பியபோது தொடையில் ஒரு குழியோடும், உடம்பில் முகந்தெரியாத யாரோ ஒருவருடைய ரத்தத்தோடும் வந்தார். குண்டடிபட்டுக் கிடந்தவருக்குக் கூடார ஆஸ்பத்திரியில் பாட்டில் ரத்தம் ஏற்றினார்களாம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அதை ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டார். யார் ரத்தமோ, என்ன சாதியோ என்று அப்பா முகம் சுளித்தார். அன்றிலிருந்து குலதெய்வப் படையலில் சித்தப்பா சூடத் தட்டைத் தொடக் கூடாது. அவரும் கடைசியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்.

எனக்கு எட்டு வயதில் தம்பி பிறந்தான். அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. திண்டிவனத்திலிருந்து மல்லாட்டை லாரியில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து அப்பாவும் சித்தப்பாவும் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை இறக்கிவிட யாருக்கும் தோன்றவில்லை, நானும் போனேன்.

உடனே ரத்தம் ஏற்றாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முந்தினார். சோதித்துப் பார்த்ததில் அவருடையது சேரவில்லை, சித்தப்பாவுடையது சேர்ந்தது.

"என்னுத அண்ணிக்கு ஏத்தலாமா அண்ணே?" என்றார் சித்தப்பா. குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே உத்தரவு கேட்டார்.

"ஜல்தியா போடா" என்றார் அப்பா.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். தலைகீழாகத் தொங்கிய கண்ணாடிப் பாட்டிலிலிருந்து ரப்பர் குழாய் வழியாகச் சித்தப்பாவின் ரத்தம் அம்மாவின் கைக்குள் இறங்கியது. சுண்ணாம்பாய் வெளுத்திருந்த உதடு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் பிடித்தது. மயிலம் முருகனே மலையிறங்கி வந்திருந்தாலும் நான் அப்படி வாயைப் பிளந்திருக்க மாட்டேன்.

"சண்டையில கொத்துக்கொத்தா செத்தாங்க. அப்பதான் ரத்தத்த பாட்டில்ல புடிச்சி, கெடாம எங்க வேணா எடுத்துக்கினு போவ நல்லா கத்துக்கினாங்க" என்றார் சித்தப்பா. "எனக்குக் குடுத்தவன் யாரோ, எந்த ஊரோ. நல்லா இருக்கணும்."

"அப்ப அம்மாவுக்கும் இனிமே துப்பாக்கி சுட வருமா?" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அந்த ஆடிப் படையலில், பிள்ளையோடு அம்மா முன்னால் நிற்க, அப்பா சூடத் தட்டைச் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"எனக்குக் கை சுடுது. நீ காட்டுடா."

சித்தப்பா இரண்டு கையாலும் வாங்கினார். அப்போது தீக்குச்சியைக்கூட யாரும் கிழித்திருக்கவில்லை. அதை நான் எங்கே கவனித்தேன்? ஓடிப்போய் வெண்ணெய் கொண்டுவந்து அப்பாவின் உள்ளங்கையில் தடவினேன். அவரும் கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.