அலெக்சாண்டிரியாவுக்கு ஒருத்தி

என் மனைவி தூத்துக்குடியில் ஏழு வருடம் வரலாறு டீச்சராக இருந்தவள். அலெக்சாண்டிரியாவின் கலங்கரை விளக்கத்தை வருடத்துக்கு ஒரு முறை போர்டில் வரைந்திருக்கிறாள். அமெரிக்காவில் எடிசனுக்கு வந்த பிறகு அவள் விசாவில் வேலைக்கு வழியில்லை. வீட்டிலிருந்தே எகிப்தின் அந்த ஊரைக் கரைத்துக் குடித்தாள். நிலநடுக்கங்களில் கலங்கரை விளக்கம் சரிந்ததையும், அதன் கற்களை எடுத்து ஒரு சுல்தான் அதே முனையில் கோட்டை கட்டியதையும் தாளித்துக்கொண்டே சொல்வாள். ஒரு ரோமத் தளபதியின் பெயரால் ஊர் அழைக்கும் தூண் அவருக்கானதே இல்லை என்று சொல்லும்போது கரண்டி மேலே போகும்.

போய்ப் பார்த்துவிடுவோம் என்று டிக்கெட் போட்டேன். கிரீன் கார்டு மனு நிலுவையில் இருந்தது. பாஸ்போர்ட்டில் விசா ஸ்டாம்பும் முடிந்திருந்தது. பயண அனுமதிக் கடிதம் இல்லாமல் வெளியே போனால் திரும்பி வர முடியாது. ஆளுக்கொரு கடிதம் வர வேண்டும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மீட்டிங் நடுவில் எழுந்து போய் மெயில் பாக்ஸைத் திறப்பேன். “தம்பி, அந்தக் கதவு ஒருநாள் உங்க கையோடயே வந்துடும்” என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. வாட்ஸப் குழுவில் ஒருவர், “எங்களுக்கு டக்குன்னு வந்துச்சே, உங்களுக்கு ஏன் லேட்டு?” என்று ஆறுதல் சொன்னார். அப்படிக் குத்தும் ஆறுதலை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கிளம்பப் பத்து நாள் இருக்கையில் ஓர் உறை வந்தது. அவளுக்கு மட்டும்.

“கேன்சல் பண்ணிடலாம். அடுத்த வருஷம் சேர்ந்து போவோம்” என்றேன்.

“உங்களுக்கு வரலன்னா எனக்கும் வரலன்னு அர்த்தமா?”

“தனியா எப்படிப் போவ?”

“நாப்பது பிள்ளைங்கள மேய்ச்சு டூர் கூட்டிட்டுப் போனவ நான். ஒருத்திய கூட்டிட்டுப் போக மாட்டேனா?”

என் கடிதம் கடைசி வரை வரவில்லை. ஏர்போர்ட் வாசலில், “லெட்டர் ஹேண்ட்பேக்லதான இருக்கு?” என்று மூன்றாவது முறை கேட்டேன்.

“முதல்ல கார எடுங்க. பின்னாடி ஹாரன் அடிக்கான்.”

எடுத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியை விட்டுவிட்டு டெர்மினலையே சுற்றி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வரிசையில் முன்னால் நின்ற பெண்ணிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு சுற்று வந்தபோது அந்த இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.