பழைய சேலைக்காக வெள்ளவத்தைக்கு வந்தவர்

கொழும்பில் எனக்கு முதன்முதலில் பிடித்துப்போனது கடல் அல்ல, தண்ணீர்க் குழாய். மகனுடைய வீடு வெள்ளவத்தையில், நான்காம் மாடியில். குழாயைத் திருகினால் தண்ணீர் வரும், மூடினால் நிற்கும். நானோ வவுனியாவுக்கு அப்பால், ஒரு குளத்தின் கீழே வயல் செய்கிற குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். விடியக் கிணற்றடியில் தொடங்கிப் பொழுதுபடக் கிணற்றடியில் முடிகிற நாட்கள்தான் எனக்குத் தெரியும். நான்காம் மாடிக்குத் தண்ணீரை யார் இறைத்து ஏற்றுகிறார்கள் என்று கேட்டேன். கீழே ஒரு மோட்டர் இருக்கிறது என்றார்கள். ஒருநாள் இறங்கிப்போய் அந்த மோட்டரைப் பார்த்து, மனதுக்குள் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

நான் வந்தது முழங்காலுக்காக. டொக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "குந்தி இருக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நான் சொல்லுமட்டும் ஊருக்குப் போகக் கூடாது" என்றார். மகனுடைய முகம் வாடிவிட்டது.

"அம்மா, மனதைத் தளர விடாதேங்கோ" என்றான்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தால் சிரித்துவிடுவேன் போலிருந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னைக் குந்தவேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. களை பிடுங்கக் குந்தினேன், பால் கறக்கக் குந்தினேன், அடுப்பு ஊதக் குந்தினேன், வெங்காயம் நடக் குந்தினேன். இப்போது படித்த மனிதர் ஒருவர் கடுதாசியில் எழுதியே தந்துவிட்டார். அந்தத் துண்டைக் கண்ணாடி போட்டு மாட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

மருமகள் வங்கியில் வேலை. மகனும் அவளும் காலையில் புறப்பட்டால் மாலையில்தான் வருவார்கள். பேத்திக்குப் பள்ளிக்கூடம், அது முடியத் தனி வகுப்பு. வீட்டில் நானும் உடுப்புத் தோய்க்கிற மெஷினும்தான். அதற்கு முன்பக்கம் வட்டமாக ஒரு கண்ணாடிக் கதவு. நான் கதிரையை இழுத்து அதற்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். நுரை பொங்கும், மகனுடைய காற்சட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகும், பிறகு பேத்தியின் வெள்ளைச் சட்டை வரும். கல்லில் அடித்து அடித்துத் தோள் கழன்றுபோனவளுக்கு இதைவிட நல்ல காட்சி உலகத்தில் இல்லை.

ஒருநாள் மகன் எதையோ மறந்துவிட்டுப் பாதியில் திரும்பி வந்தான். நான் அசையாமல் உட்கார்ந்திருந்ததைக் கண்டுவிட்டுப் பூனைபோல வெளியே போய், மனைவிக்குப் போன் எடுத்தான். கதவுக்கு அப்பால் அவன் கதைத்தது எனக்குக் கேட்டது.

"அம்மா ஒரே இடத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறா. கண் கலங்கியிருக்கு. ஊர் நினைப்புப் போல."

கண் கலங்கியது கொட்டாவியால். அதை எப்படிப் போய்ச் சொல்வது?

அன்று மாலை மருமகள் மூன்று பூச்சாடிகளோடு வந்தாள். சாடிக்கு ஒரு தக்காளிக் கன்று. "மாமி, உங்களுக்குப் பொழுது போகட்டும் எண்டு வாங்கினனான். தோட்டம் செய்த கை எல்லோ?" என்றாள். நல்ல பிள்ளை. வேலை முடிந்து பஸ்ஸில் நசுங்கி, அந்தச் சாடிகளை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். வாழ்நாள் முழுக்கத் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றியவளுக்குத் தக்காளிக் கன்றைப் பரிசாகத் தந்தால் என்ன செய்வது? வாங்கி வைத்து, "நல்ல இனம்" என்றேன்.

மகன் ஒருபடி மேலே போனான். ஞாயிற்றுக்கிழமை என்னைக் காலி வீதி என்கிற பெரிய தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, பஸ்களுக்கு நடுவே ஒரு மாடு நின்று காகிதம் தின்றுகொண்டிருந்தது. "அம்மா, அங்க பாருங்கோ, மாடு!" என்று குழந்தைக்குக் காட்டுவதுபோலக் காட்டினான். நான் பார்த்தேன். மாடும் என்னைப் பார்த்தது.

ஊரில் என் கணவர் தனியே இருந்தார். அவருக்கு ஓரளவு சமைக்கத் தெரியும். வயல் வேலையும் குறைவான காலம். ஆனால் எங்கள் சிவலைப் பசு என்னைத் தவிர ஒருவருக்கும் பால் விடாது. அதற்கு என் கை வேண்டும், என் மணம் வேண்டும். வேறு யார் குந்தினாலும் பாலை அடக்கிக்கொண்டு, காலை உதறும்.

இவர் ஒவ்வொரு மாலையும் போன் எடுப்பார்.

"சாப்பிட்டனீரோ?"

"ஓம். நீங்கள்?"

"ஓம்."

பிறகு பசுவின் பெயரைச் சொல்லி விஷயத்துக்கு வருவார். "இண்டைக்கும் ஒரு சொட்டு விடேல்லை. கண்டுக்குட்டி குடிச்சு மிச்சம் மடியில கட்டிப்போய் நிக்குது. மடி வீங்கினால் பிறகு வருத்தம்தான்."

"என்ர பழைய சீலையைச் சுத்திக்கொண்டு போய் இருங்கோ. மணத்துக்கு விடும்" என்றேன்.

"என்ன கதைக்கிறீர்? நான் ஆம்பிளை."

"அது மாட்டுக்குத் தெரியவேண்டாம்."

போனை வைத்துவிட்டார். அடுத்த நாளிலிருந்து பாலைப் பற்றிய பேச்சே இல்லை. நானும் கேட்கவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் இருப்பவள் போன் எடுத்தாள். என்னோடு நல்ல பழக்கம். அன்றைக்குக் குரலில் கோபம் இருந்தது.

"அக்கா, வந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்லக் கூடாதோ?"

"ஆர் வந்தது?"

"மறைக்காதேங்கோ. விடியப்புறம் மாட்டுக் கொட்டிலில கண்டனான். அந்தப் பச்சைக் கரைச் சீலை. 'அக்கா, எப்ப வந்தனீங்கள்?' எண்டு கத்திக் கூப்பிட்டனான். திரும்பியும் பாக்காமல் முந்தானையை இழுத்துத் தலையில போட்டுக்கொண்டு வைக்கல் போருக்குப் பின்னால போயிட்டீங்கள். நான் என்ன பிழை செய்தனான்?"

எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்போல் சிரிப்பு வந்தது. ஆனால் புருஷனைக் காட்டிக்கொடுக்கலாமா? "காதில பஞ்சு வச்சிருந்தனான் பிள்ளை" என்றேன்.

"நடையும் ஒரு மாதிரி. கட்டைபோல நடந்தீங்கள்."

"அது முழங்கால்" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு வாரமும் ஆகவில்லை. காலையில் கீழே நிற்கிற காவற்காரர் கூப்பிட்டார். "அம்மே, சீயா ஆவா!" சிங்களத்தில் சீயா என்றால் தாத்தா, ஆவா என்றால் வந்தார் என்று பேத்தி எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். எந்தத் தாத்தா என்று பார்த்தால், இவர் நிற்கிறார். இரவு பஸ்ஸில் வந்திருக்கிறார். ஒரு தோளில் வெங்காயச் சாக்கு. கையில் ஒரு துணிப்பை, அதை மட்டும் காவற்காரர் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை.

"என்னப்பா, சொல்லாமல் கொள்ளாமல்?" என்று மகன் பதறினான்.

"கண் மங்கலாக் கிடக்கு. காட்டுவம் எண்டு வந்தனான்" என்றார். சொல்லிக்கொண்டே தூரத்தில் சுவரில் தொங்கிய நாட்காட்டியின் சின்ன எழுத்தை வாசித்து, "இண்டைக்குச் சதுர்த்தி" என்றார். ஒருவரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகும்வரை இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கதவு சாத்தியதும் துணிப்பையை என் பக்கம் தள்ளினார். உள்ளே பச்சைக் கரைச் சேலை, நாலாய் மடித்து வைத்திருந்தது.

"இதில உம்மட மணம் போயிட்டுது" என்றார்.

"எப்படிப் போகும்?"

"தோய்ச்சுப்போட்டன்."

"ஏன் தோய்ச்சனீங்கள்?"

"சாணி பட்டது. உம்மட சீலை எல்லோ? ஊத்தையாக் கிடக்க விடலாமோ? நல்ல சவுக்காரம் போட்டுத் தோய்ச்சு, நிழலில காயப்போட்டனான். அடுத்தநாள் கட்டிக்கொண்டு போக, மணந்து பாத்திட்டு உதைஞ்சுது." காலைத் தூக்கிக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே நீலம் பாரித்திருந்தது.

காலி வீதி நெடுக எத்தனை சேலைக் கடைகள்! லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும்கூட ஆட்கள் வந்து புதுச் சேலை வாங்குகிற இடம் வெள்ளவத்தை. இந்த மனிதர் மட்டும் பழைய சேலை, அதுவும் தோய்க்காத சேலை தேடி வந்திருக்கிறார். மாட்டுக்குப் புல் போட ஊரில் ஒரு பொடியனை வைத்துவிட்டு, இரவு முழுக்கச் சாக்கில் சாய்ந்தபடி வந்திருக்கிறார். 'நீர் வாரும்' என்று ஒரு சொல் சொன்னால் நான் போயிருப்பேன். முழங்காலுக்காக அதை அவர் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் அழுதால் மாட்டைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார் என்று எழும்பி அலுமாரியைத் திறந்தேன்.

அங்கேதான் வில்லங்கம். மருமகள் என் சேலை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் மெஷினில் போட்டு, மல்லிகை மணக்கிற மருந்து ஊற்றி, மடித்து அடுக்கியிருந்தாள். இவர் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தார். "இதைக் கட்டினால் மாடு கலியாண வீடு எண்டு நினைக்கும்" என்றார்.

ஆகவே ஒரு பழைய நூல் சேலையைக் கட்டிக்கொண்டு, அதை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தேன். கொழும்பு வெக்கை கைகொடுத்தது. ஆனாலும் அடுப்புப் புகை மணம் இல்லையே என்று இவருக்குக் குறை. காஸ் அடுப்பில் புகைக்கு எங்கே போவது? கருவாடு பொரித்தேன். பக்கத்து வீட்டுக் கதவுகள் படபடவென்று மூடும் சத்தம் கேட்டது.

மருமகள் மறுநாளே, "மாமி, சீலையைத் தாங்கோ, மெஷினுக்குப் போடுவம்" என்றாள். "பிறகு பாப்பம் பிள்ளை" என்றேன். அதற்கு மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். இவரோ கண் டொக்டரிடம் போவதாகச் சொல்லிவிட்டுக் கடற்கரைக்குப் போய், ரயில் பார்த்து, ரோல்ஸ் வாங்கித் தின்றுவிட்டு வருவார். பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் கதிரை போட்டு மெஷினுக்கு முன்னால் இருப்போம். "என்ன மாதிரிச் சுத்துது!" என்பார்.

மகனும் மருமகளும் குசினிக்குள் குசுகுசுத்தார்கள். வயதானவர்கள் மனம் சோர்ந்தால் குளிக்காமல், உடுப்பு மாற்றாமல் இருப்பார்களாம். மனநல டொக்டரிடம் காட்டவேண்டும் என்று மகன் சொன்னது என் காதில் விழுந்தது. நான் நன்றாகக் குளித்துக்கொண்டுதான் இருந்தேன். குளித்துவிட்டு அதே சேலையைக் கட்டுவேன், அவ்வளவுதான்.

இராச் சாப்பாட்டின்போது பேத்தி கோப்பையைத் தள்ளிவிட்டு, "அப்பம்மா மணக்குது" என்றாள்.

"அப்படிச் சொல்லக் கூடாது!" என்று தாய் அதட்டினாள்.

இவர் பேத்தியின் பக்கம் ஆவலாகத் திரும்பினார். "உண்மையாவோ? நல்லா மணக்குதோ? எவ்வளவு தூரத்துக்கு மணக்குது?"

மகன் மெதுவாக, "அப்பா, என்ன நடக்குது இஞ்சை?" என்றான்.

இனி மறைக்க முடியாது. நான்தான் சொன்னேன். பச்சைக் கரைச் சேலை, வைக்கல் போர், சவுக்காரம், உதை எல்லாம் சொன்னேன். மகன் வாயில் வைத்த புட்டை விழுங்க முடியாமல் தவித்தான். மருமகள் எழும்பி அறைக்குள் ஓடிவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்துபோனேன். கட்டிலில் விழுந்து, தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்திருக்கிறாள். வெளியே வந்தபோது கண் மை கன்னத்தில் வழிந்திருந்தது.

"மாமா, எப்படிக் கட்டினீங்கள்? மடிப்பு எடுத்துக் கொய்யகமும் வச்சனீங்களோ?"

"சும்மா சுத்தினனான். பின் குத்தத் தெரியாது" என்றார் இவர், மரியாதையாக.

அதற்குப் பிறகு அந்தச் சேலை வீட்டின் பொதுக் காரியமாகிவிட்டது. மகன் மின்விசிறியை நிறுத்திவிட்டு, "அம்மா, இன்னும் கொஞ்சம் வேர்க்கட்டும்" என்பான். வங்கிக்குப் போகும் அவசரத்திலும் மருமகள் என்னை ஒருமுறை மணந்து பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவாள். இவர் புறப்படுகிற நாளில், மணம் போகாமல் இரண்டு பொலித்தீன் பைக்குள் போட்டு, காற்று வெளியேற்றி, இறுக்கி முடிந்து கொடுத்தாள். உதவிக்கு இன்னொன்றும் கட்டிப் பழுதாக்கி அனுப்புகிறோம் என்றாள்.

பஸ் ஏறுமிடத்துக்கு நானும் நொண்டி நொண்டிப் போனேன். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் வரச் சொல்லேல்லை. கால் சுகமானாப் பிறகு வந்தால் போதும்" என்றார்.

"ஓம்."

"குந்தாதேயும்."

அந்த ஒரு சொல்லுக்காக நான் எத்தனை பயிருக்கும் குந்தலாம் என்று தோன்றியது. டொக்டருக்குச் சொல்லவில்லை.

டொக்டர் விட்டதும் ஊருக்குப் போனேன். மூன்று தக்காளிச் சாடியையும் மகன் காரில் ஏற்றிவிட்டான், காய்த்த மரங்கள் என்று. அடுத்தநாள் காலை செம்பை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய், ஒரு குட்டிக் கதிரை போட்டு உட்கார்ந்தேன். சிவலை என்னை மணந்து பார்த்தது. கொழும்பு மல்லிகை மருந்து என் தலைமயிர் வரைக்கும் ஊறியிருந்தது போலும். காலைத் தூக்கிச் செம்பை உருட்டிவிட்டு, என்னைத் தாண்டி வாசலைப் பார்த்துக் கத்தியது. அங்கே இவர் நின்றார், சேலையோடு.

"தள்ளி இரும்" என்றார். நான் தள்ளி இருந்தேன். அவர் குந்தி, பசுவின் மடியில் கை வைத்ததும் பால் சொரிந்தது.

அன்றையிலிருந்து கறக்கிறது அவர் வேலை. பக்கத்து வீட்டுக்காரிக்கும் இப்போது தெரியும். வேலிக்கு மேலால் "காலை வணக்கம் அண்ணை" என்பாள். அவர் நிமிரமாட்டார். நான் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு வாசலில் இருப்பேன். பால் செம்பை என்னிடம் தந்துவிட்டு, முதலில் சேலையைக் கழற்றிக் கொடியில் போட்டு, சாரத்தை உதறி இறுக்கிக் கட்டி, தொண்டையைச் செருமிய பிறகுதான் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்து குடிப்பார்.