ஐந்து புத்தகங்களும் ஒரு லாம்பும்

செத்துப்போன ஒருவர் தினமும் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார் என்று போன சனிக்கிழமை முழுசாக அரை மணி நேரம் நம்பினேன். சிரிக்காதீர்கள். பாக்கெட்டில் எலுமிச்சம்பழத்தோடு நான் சைக்கிள் மிதித்த வேகத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

நான் சுரங்கத்தில் டைம் ஆபீஸ் குமாஸ்தா என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்களின் பட்டியல் ஐந்து இடங்களில் இருக்கிறது — டைம் ஆபீஸ், பெரிய ஆபீஸ், ஆஸ்பத்திரி, அரிசி டிப்போ, கீழே இறங்குகிறவர்களுக்கு விளக்குக் கொடுக்கும் லாம்ப் ரூம். ஒரு புத்தகத்தில் ஒரு பேர் மாறினால் மற்ற நாலிலும் மாற வேண்டும். டெலிபோன் கைப்பிடியைச் சுற்றி, தொண்டை கிழியக் கத்திச் சொல்வது என் வேலை. சனிக்கிழமை நாலு இடத்துக்கும் சைக்கிளில் போய், கத்தினதெல்லாம் மையில் ஏறியிருக்கிறதா என்று ஒப்பிடுவதும் என் வேலை. ஒரு வரி பிசகினால்? திங்கட்கிழமை மெமோ!

அதற்கு முந்தின வாரம் கீழே பாறை வெடித்தது. எங்கள் வீட்டு அலமாரியிலிருந்து பாத்திரங்கள் உருண்டன. இரண்டு நாள் கழித்துப் பெரிய ஆபீஸிலிருந்து, செத்துப்போனவர்கள் என்று நாலு நம்பர் வந்தது. "பேரை எடுங்க." எடுத்தேன். சிவப்பு மை, ஸ்கேல் வைத்து நேர்க்கோடு. மற்றவர்களுக்கும் கத்தினேன். நம்பரைத்தான் பார்த்தேன்... பேரைப் படிக்கவில்லை.

சனிக்கிழமை லாம்ப் ரூமில் யாரும் இல்லை. புத்தகத்தை நானே புரட்டினேன். மூன்று நம்பர்கள் அடிக்கப்பட்டிருந்தன. நாலாவது, 2216, அப்படியே இருந்தது. எதிரில் "கீழே" என்று எழுதியிருந்தது. முந்தின நாள் பக்கத்திலும் "கீழே". அதற்கு முந்தின பக்கத்திலும்!

லாம்ப் வாங்கிக்கொண்டு இறங்கியவருக்குத்தான் "கீழே" என்று போடுவார்கள். அப்படியானால் இந்த மனிதர் செத்த பிறகும் தினமும் இறங்குகிறாரா? உயிரோடிருக்கும் நானே வாரத்துக்கு ஒரு நாள் வயிற்றுவலி சொல்கிறவன்!

நேராக வீட்டுக்கு ஓடினேன். மனைவி நெற்றி நிறைய விபூதி பூசி, எலுமிச்சம்பழம் ஒன்றைக் கொடுத்து, "மெமோ வந்தா இதைக் காட்டுங்க" என்றாள்.

திரும்பிப் போனபோது லாம்ப் ரூம் ஏழுமலை இருந்தார். பாக்கெட்டைப் பார்த்தார்.

"இன்னா சார், சர்பத் போடவா?"

"விளையாடாதய்யா. 2216-ஐ ஏன் அடிக்கலை?"

"லாம்ப் திரும்பி வந்தா அடிப்பேன். ஆளு வந்தாலும் அடிப்பேன். ரெண்டும் வரலை. எதைப் பார்த்து அடிக்கறது?"

"பெரிய ஆபீஸ் சொல்லுதே!"

"பெரிய ஆபீஸா எங்கிட்ட லாம்ப் வாங்கினு போச்சு? கோவிந்தன் வாங்கினு போனாரு."

அப்போதுதான் அந்த நம்பருக்கு ஒரு பேர் இருப்பது எனக்குத் தெரிந்தது. நாலு பேரில் மூன்று பேரைத்தான் மேலே ஏற்றியிருக்கிறார்கள். எங்கள் வீட்டைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போனதும் மூன்றுதான். நான் வாசலில் நின்று பார்த்தேன். எண்ணத் தோன்றவில்லை. எண்ணுவதே தொழிலாக இருப்பவன்!

"இன்னும் தேடிக்கினுதான் இருக்காங்க சார். பக்கம் முடிஞ்சா அடுத்த பக்கத்துல அவரை ஏத்திடறேன். அவரு சம்சாரம் தினம் காலையில இந்த ஜன்னல்ல வந்து கேக்கறாங்க. 'கீழதாம்மா இருக்காரு'ன்னு சொல்றேன். அதையும் அடிச்சிட்டா அந்தம்மாகிட்ட இன்னாத்த சொல்ல?"

எலுமிச்சம்பழம் தொடையில் உறுத்திக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் அறிக்கையில் "ஒரு வித்தியாசம்" என்று எழுதினேன். பக்கத்திலேயே, "லாம்ப் ரூம் புத்தகம் சரி, மற்ற நாலும் தப்பு" என்றும் எழுதினேன். வீரமெல்லாம் இல்லை, மெமோ பயம் இருக்கத்தான் இருந்தது.

திங்கட்கிழமை மெமோ வரவில்லை. டெலிபோன்தான் வந்தது. தேடுவதை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தைச் சுவர் வைத்து அடைத்தாயிற்று. லாம்ப் ரூமிலும் பேரை எடுக்கச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு நான் டெலிபோனில் கத்தவில்லை. சைக்கிளில் போய்ச் சொன்னேன். ஏழுமலை ஜன்னலை ஒருமுறை பார்த்துவிட்டு, பேனாவை எடுத்தார்.

ஐந்து புத்தகங்களும் இப்போது ஒத்துப்போகின்றன. கோவிந்தன் மேலே வரவில்லை.