டிக்கியில் கொட்டிய மண்கூழ்

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். கோவிந்தராசுவைப் பெட்ரோல் திருடன் என்று சொன்ன வாய் இதுதான். அவர் இறந்துவிட்டார் என்று அவர் ஊரான கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து போன் வந்தபோது, கார் டிக்கியிலிருந்து, பொம்மை வார்க்கும் மண்கூழ் கேனை நான் இறக்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் வைத்திருந்த முதலாளி ஏன் கேன் இறக்குகிறான் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் பொம்மைப் பட்டறையின் பழைய காரை எட்டு வருடம் ஓட்டியவர் அவர். ஹாரன் அடிக்கவே மாட்டார். கண்ணாடியை இறக்கி, வழியில் நிற்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். “ஹாரன் அடிச்சா மொறைப்பாங்க, பேரு சொன்னா சிரிச்சிக்கிட்டே ஒதுங்குவாங்க” என்பார். விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் அவருக்குப் பெயர் தெரியாதவை மாடுகள் மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. சனிக்கிழமைதான் இருபது லிட்டர் போட்டிருந்தோம். அவரைக் கேட்பதற்கு முன்பே டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன்; என் நாக்கு அப்படி. பிறகு பட்டறையில் எல்லோர் முன்னாலும் கேட்டேன்: “ஏன் கோவிந்தராசு, பெட்ரோல காரு குடிச்சிதா, ஆளு குடிச்சாரா?”

அவர் சாவியை என் கையில் வைத்தார். “திருடன்னு பேரு வாங்கிக்கிட்டு நான் ஊருக்கு பஸ்ஸு ஏற மாட்டேன் மொதலாளி. உள்ள ஒக்காந்து சாவியப் போட்டு முள்ளப் பாருங்க.”

டிக்கியைத் திறந்து, டேங்கிலிருந்து முள்ளுக்குப் போகும் வயரைக் கழற்றி, கார் தகட்டில் தொட்டார். முள் துள்ளி மேலே போனது.

“ஏறுதா?”

“ஏறுது.”

“அப்ப முள்ளும் சரி, வயரும் சரி. கோளாறு இங்கதான் இருக்குது.”

டிக்கி விரிப்பைத் தூக்கினார். எப்போதோ கொட்டிய மண்கூழ் வெள்ளையாகக் காய்ந்து, டேங்கின் எர்த் வயரைத் தகட்டோடு சேர்க்கும் திருகையே மூடி, மின் தொடர்பை அறுத்திருந்தது. களிமண்ணில் பிழைக்கும் ஊரில் வேறென்ன கொட்டும்? திருகைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து முடுக்கினார். கழற்றிய வயரையும் மாட்டினார். முள் பாதிக்கு மேல் ஏறி நின்றது.

“பெட்ரோலு இருக்குது. கூழுகேன மூடி வச்சது யாரு, மொதலாளி?”

மூடியைச் சரியாகத் திருகாதது நான்தான் என்று எனக்கே தோன்றியது. “நான்தான்” என்றேன்.

“வாங்க டீக்கடைக்கு. சொன்ன வாயாலேயே மாத்திச் சொல்லுங்க.”

சொன்னேன். டீ ஆறும்வரை எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் தண்டனையை அறிவித்தார்: “இனிமே கேன நீங்களே ஏத்தி நீங்களே எறக்கணும்.” அன்று முதல் நான் கேன் சுமக்க, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “மூடி, மூடி!” என்று குரல் கொடுப்பார். என் இடுப்பு பிடித்த நாளில்கூட விலக்கு கிடையாது. ஆனால் அன்று தைலம் வாங்கி வந்து கொடுத்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இந்தத் தண்டனையைத்தான். ஒரு மனிதரைச் சந்தேகிக்கும் முன் திருகைத் தேய்த்துப் பார்க்க வேண்டும் என்பதை என் இடுப்பு தினமும் எனக்கு நினைவூட்டும். துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவியிடம் இதையேதான் சொன்னேன். அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அன்னிக்கு ரயில்வே கேட்டுகிட்ட சடார்னு பிரேக்கு போட்டு கூழுகேன கவுத்தது அவருதாங்க. எங்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.”