பேஸ் டிரம்முக்கு நாற்பத்தொரு மிக்ஸ்

1. முதல் நாள்

அந்தப் பாட்டு நான்கு நிமிடம் பதினோரு விநாடி. அதில், காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம் அறுநூற்றெட்டு அடி விழுகிறது. பிற்பாடு எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். முதல் நாள் கேட்டபோது ஓர் அடிகூடத் தனியாகக் காதில் விழவில்லை. இன்ஜினை அணைக்காமல் வாசலில் லாரி நிற்பது போல ஒரே உறுமல். அதன் மேல் கிட்டார், தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல.

சின்ன காஞ்சிபுரத்தில் இருபத்திரண்டு வருடமாக ரெக்கார்டிங் அறை வைத்திருப்பவன் நான். பாசுர கேசட், கல்யாண நாதஸ்வரம், பட்டுக்கடை விளம்பரம், இவைதான் என் தொழில். நான் சொல்வது, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்யலாம் என்று வந்த புதிது. இனி என்னிடம் யார் வருவார்கள் என்று கவலைப்பட்டேன். வந்தார்கள். வீட்டில் கெடுத்துவிட்டு, சரிசெய்து தரச் சொல்லி வந்தார்கள்.

அப்படி வந்தவர்கள் யுவராஜும் தணிகைவேலும். யுவராஜ் இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். கிட்டார் வாசிப்பான், பாடுவான். பாடுவது என்றால் கத்துவது. மெட்டல் இசையில் அப்படித்தானாம். தணிகை டிரம்ஸ், மற்ற நேரத்தில் அப்பாவோடு தறி நெய்பவன். தணிகை வீட்டு ஹாலில் நான்கு மைக் வைத்து டிரம்ஸைப் பதிவு செய்திருந்தார்கள். பேஸ் டிரம்முக்கு ஒன்று, குச்சியால் அடிக்கும் ஸ்னேருக்கு ஒன்று, தலைக்கு மேல் ஓவர்ஹெட் இரண்டு.

பெங்களூரில் ஒரு கல்லூரி விழா. ஒரு பாட்டை சி.டி.யில் அனுப்பினால், தேர்வானவர்களுக்கு மேடை. அதற்குப் பதினெட்டு நாள் இருந்தது.

"இது போச்சுன்னா நான் விட்டுடறேன் சார்," என்றான் தணிகை. "ஆவணி பொறந்தா செட்டு இருக்கற எடத்துல தறி போட்டுடுவாங்க. ஆசாரி வீட்ல மரச் சாமான்லாம் ரெடியாயிக்கினு இருக்குது. அப்பால செட்ட எங்க வைக்கறது?"

கிட்டாரை எந்த அறையிலும் வாசிக்கலாம். டிரம் செட் அப்படியல்ல.

2. இரண்டு இலை

முதலில் கிட்டாரைப் பிரித்தேன். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என இரண்டு டிராக். இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி, கம்பியை மீட்டும் பிக் உரசியது. ஒரு தடவை வாசித்ததைக் காப்பி எடுத்து இரண்டு பக்கமும் வைத்திருக்கிறான். கேட்டதற்கு, சத்தம் அகலமாக வரும் என்று யாரோ சொன்னார்களாம். அகலமாக வராது. நடுவில் ஒரே கிட்டார் கூடுதல் சத்தத்தோடு நிற்கும். அந்த நடுவில்தான் பேஸ் டிரம்மும் ஸ்னேரும் நிற்க வேண்டும். அவற்றுக்கு இடமில்லை.

தணிகைக்கு இது உடனே புரிந்தது. "ஏன் மாப்ள, ஒரே ஆளு ரெண்டு எல போட்டு சாப்டா ரெண்டு பேரு ஆயிடுமா?" என்றான். யுவராஜ் ஒரு நாள் முழுக்க அவனோடு பேசவில்லை.

இரண்டு தடவை தனித்தனியாக வாசிக்க வைத்தேன். சத்தத்தைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனைப் பாதியாகக் குறைத்தேன். தனியாகக் கேட்டால் அவனுக்கு அது சப்பென்று இருந்தது. இரண்டு டிராக்கையும் சேர்த்துக் கேட்டபோது இன்னொரு தடவை போடச் சொன்னான். மிட் என்னும் நடுப்பகுதியை அவன் அடியோடு வெட்டி வைத்திருந்தான். கிட்டார் கேட்பதே அங்கேதான். அதைத் திரும்ப ஏற்றினேன். பதின்மூன்று டேக், மூன்று நாள். கிட்டார் தேறிவிட்டது.

டிரம்தான் என் உயிரை எடுத்தது.

3. ஒன்பது நாள்

ஒவ்வொரு அடிக்குப் பின்னாலும் ஒரு 'பூம்' நீண்டுகொண்டே போனது. அது தேய்வதற்குள் அடுத்த அடி. எல்லாம் ஒட்டிக்கொண்டு உறுமலாகிவிட்டது. அந்தப் பூம், கிட்டாரின் தடித்த கம்பி இருக்கும் சுருதியிலேயே கிட்டத்தட்ட இருந்து தொலைத்தது. கிட்டாரில் அதை வெட்டினால் கிட்டார் இளைத்துப் போகிறது. பேஸ் டிரம்மில் வெட்டினால் அட்டைப்பெட்டியைத் தட்டுவது போல ஆகிறது. அடி முடிந்ததும் சத்தத்தை மூடிவிடும் கேட் போட்டேன், அடிகள் அவ்வளவு நெருக்கமாக விழுவதால் கேட் மூடவே நேரமில்லை. சரி, பேஸ் டிரம் மைக்கை அறவே அணைத்துப் பார்க்கலாம் என்றால், அதே பூம் ஸ்னேர் மைக்கிலும் இருக்கிறது, ஓவர்ஹெட்டிலும் இருக்கிறது.

ஓவர்ஹெட்டில் இன்னொன்றும் இருந்தது. பக்கத்து வீட்டுத் தறியின் டடக் டடக். பாட்டின் அமைதியான இடங்களில் மட்டும் எழுபத்து மூன்று. ஒவ்வொன்றாக எடுத்தேன்.

டிராக்குகளைக் கலந்து எடுக்கும் ஒவ்வொரு மிக்ஸுக்கும் எண் போட்டு நோட்டில் எழுதுவது என் வழக்கம். ஒன்பது நாளில் நாற்பத்தொன்று. முப்பத்தாறாவது கொஞ்சம் பரவாயில்லை என்று யுவராஜ் சொன்னான். அதைக் கேட்டுவிட்டுத் தணிகை, "நான் அடிக்கவே வேணாம் போலக்குது சார்," என்றான். அடி இருக்கிறது, ஆள் இல்லை என்பது போல இருந்தது அந்த மிக்ஸ். அவன் சொன்னது சரி.

போனில் நான்கு தடவை கேட்டேன், அறை எப்படிப்பட்டது என்று. பன்னிரண்டுக்குப் பத்து, ஓட்டுக் கூரை, சிமெண்டுத் தரை. நான்கு தடவையும் அதே பதில். சைக்கிளில் போனால் எட்டு நிமிடம். ஆனால் நான் போகவில்லை. என் வேலை அறைக்குள், ஹெட்போனுக்குள் என்ற எண்ணம். அத்தனை வருடம் தொழில் செய்தவன் பையன்களின் வீட்டுக்குப் போய் நிற்பதா என்ற எண்ணமும் இருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

4. நாற்காலி

பதின்மூன்றாம் நாள் கோபத்தோடு கிளம்பிப் போனேன். டிரம்மே மட்டமானது, தோலை மாற்றாமல் இனி தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம்.

தணிகையின் அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தார். நான் அதை வாங்கி டிரம் செட்டின் அருகே, கித்தான் விரிப்பின் மேல் போடப் போனேன்.

"அங்க வேணாம் சார், இந்தாண்ட போட்டுக்கோங்க. கீழ குழி. பலக ஒண்ணு ஆடுது," என்றார்.

விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஏழு பலகை. அவற்றின் கீழே, பழைய தறி நின்றபோது நெசவாளி காலை இறக்கி மிதி மிதித்த தறிக்குழி. இடுப்பளவு ஆழம். உள்ளே வெறும் காற்று. பேஸ் டிரம் அதன் நட்ட நடுவில் உட்கார்ந்திருந்தது. டிரம்முக்குக் கீழே இன்னொரு டிரம். இவன் ஒரு அடி அடித்தால் குழி ஒரு அடி அடிக்கிறது.

"ஏம்பா, தரை எப்படின்னு நாலு வாட்டி கேட்டேனே. குழி இருக்குன்னு ஏன் சொல்லல?"

தணிகைக்கு என் கோபமே விளங்கவில்லை. "குழி எல்லார் வீட்லயும்தான் சார் இருக்குது. அத யாரு தனியா சொல்லுவாங்க? எங்களுக்கு அதுவும் தரதான்."

அவன் மேல் ஏன் கோபப்படுவது? அந்த இடத்தில் தறி போடப் போகிறார்கள் என்று முதல் நாளே சொன்னான். அறுபத்து மூன்று வருடம் இந்த ஊரில் இருக்கிறேன். தறி நிற்கும் இடத்தில் குழி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அது நினைவுக்கு வருவதில்லை.

5. அமாவாசை

மிச்சம் ஐந்து நாள். மறுநாள் ஆடி அமாவாசை. அமாவாசைக்கு எங்கள் ஊரில் தறி ஓடாது. தெருவே நிசப்தமாக இருக்கும், அன்றைக்கே மறுபடி பதிவு செய்துவிடலாம் என்றேன். தணிகையின் அம்மா ஒரு நிபந்தனை போட்டார். "படையல் முடிஞ்சி காக்காக்கு சோறு வைக்கிற வரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது."

அன்று ஒரு மணி வரை காகம் வரவில்லை. நான் மாடிப்படியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று இருபதுக்கு ஒரு காகம் வந்தது.

குழிக்குள் மூன்று மெத்தை, பதினோரு தலையணை, நான்கு கோணிப்பை கந்தல். தலையணையில் ஆறு பக்கத்து வீடுகளில் இரவல். தணிகையின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். "சார், டிரம்முக்குப் பிரசவமா?" என்றார். பிறகு அவரே குழிக்குள் இறங்கி, மூலைகளில் கந்தலைக் காலால் மிதித்து அடைத்தார். அந்தக் குழியின் மூலை அவருக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது.

ஸ்னேரின் நடுவிலிருந்து இரண்டு ஓவர்ஹெட்டுக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அடி இரண்டு நேரத்தில் வந்து சேர்ந்து ஸ்னேர் மெலிந்துவிடும். நூல் கேட்டேன். அவர் முறுக்கு நூலாகப் பார்த்துத் தந்தார். நாற்பத்திரண்டு அங்குலம், இரண்டுக்கும். முன்பு ஆறு அங்குல வித்தியாசம் இருந்திருக்கிறது.

தணிகை ஒரே ஓர் அடி அடித்தான். 'தப்' என்று விழுந்து, அங்கேயே முடிந்தது. அவன் காலைப் பெடலிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். "இவ்ளோ நாளா நான் வேகமா அடிக்கலன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார்," என்றான். இரண்டு வருடமாகக் காலைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

ஐந்து மணிக்குள் ஆறு டேக். ஐந்தாவதை எடுத்துக்கொண்டோம். அறுநூற்றெட்டு அடியும் இருந்தது. மறுநாள் மிக்ஸ் செய்ய எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. அது நாற்பத்திரண்டாவது மிக்ஸ்.

6. ஆவணி

சி.டி. கடைசி நாளன்று போய்ச் சேர்ந்தது. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை தறி போட்டுவிட்டார்கள். டிரம் செட்டைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளியாயிற்று. அடுத்த வாரம் பெங்களூரிலிருந்து போன் வந்தபோது தணிகை அதே குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தானாம். தேர்வாகிவிட்டது. மேடைக்கு ஏழு வாரம்.

இருவரும் என் அறைக்கு வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டு நின்றார்கள். எங்கே பழகப் போகிறீர்கள் என்று கேட்டேன். இருவரும் என் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள்.

மறுநாள் மூன்று சக்கர வண்டியில் டிரம் செட் என் வாசலுக்கு வந்தது. செவ்வாய், ஞாயிறு, இரண்டிரண்டு மணி நேரம் என்று சொல்லியிருந்தேன். முதல் வாரமே நான்கு நாள் வந்தார்கள். மாடி வீட்டுக்காரர் ஐந்து தடவை இறங்கி வந்தார். பாசுரம் பதிவு செய்ய வந்த பெரியவர் சிம்பலைப் பார்த்துவிட்டு, இது எந்தக் கோயில் தாளம் என்று கேட்டார். அந்த ஏழு வாரமும் எனக்குத் தலைவலி. மேடையில் எப்படி வாசித்தார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. நன்றாக வாசித்ததாகச் சொன்னார்கள். செட்டை மட்டும் யாரும் திரும்ப எடுத்துப் போகவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். நாற்பத்தொரு மிக்ஸில் நான் திருகிய குமிழ்கள் எல்லாமே சரியான குமிழ்கள். ஒன்றுகூடத் தப்பில்லை, ஒன்றுகூட உதவவில்லை. இப்போதெல்லாம் டிரம் கேட்கவில்லை, கிட்டார் கேட்கவில்லை என்று யாராவது சி.டி.யை நீட்டினால், நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறேன். வீடு எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு சைக்கிளை எடுக்கிறேன்.