கச்சான் கொண்டுபோன மண்

மண்ணால் படைத்தவன் எங்கள் காக்காவை, என் கூடப்பிறந்த மூத்தவரை, மண்ணுக்கே திருப்பி எடுத்து ஒரு வருடமாகிறது. வருடக் கத்தம் ஓத வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு நினைவு மலர் வேண்டும், சாச்சா எழுதுங்க என்று அவருடைய மகள் கேட்டாள். எனக்கு நீளமாக எழுத வராது.

காக்கா பிறந்தது சாய்ந்தமருதில், கடல் சத்தம் கேட்கும் வளவில். வாப்பா கரைவலைக்காரர். காக்காவுக்குக் கடல் ஒத்துவரவில்லை. தோணியில் ஏறினால் தின்றதெல்லாம் சத்தி. "மீனுக்குச் சோறு போடவாடா உன்னக் கூட்டிப் போற?" என்று வாப்பா பகிடி பண்ணுவார். அதனால் காக்கா இளவயதிலேயே இறக்காமப் பக்கம் போய் ஒரு மேட்டுக்காணியைத் திருத்தினார். குளத்துத் தண்ணீர் ஏறாத நிலம். மாரி மழையை நம்பிக் கச்சான் போட்டார். மண் சிவப்பு. கையில் எடுத்தால் மாப்போல இருக்கும்.

எங்கள் பக்கம் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். கோடையில் மேற்கே இருந்து சுடச்சுட அடிக்கும் காற்றுக்கும் அதே பெயர்.

காணியின் மேற்கு எல்லையில் பாலை மரமும் வீரை மரமும் பற்றையுமாக அடர்ந்து நின்றது. யானை அதற்குள் ஒளித்து நின்று, இருட்டியதும் இறங்கும். ஒரு முறை காவல் பரணையே இழுத்து விழுத்தியது. யானைக்கு நிற்க இடம் இருக்கக் கூடாது என்று காக்கா அத்தனையையும் வெட்டி எரித்தார். கிழக்குப் பக்கத்துக் காணிக்காரர் இறக்காமத்து ஆள். அவர் மட்டும் வந்து கேட்டார்.

"காக்கா, யானைட வழிய அடைக்கிறண்டு காத்துட வழியத் திறந்து விட்டீங்களே?"

"காத்து வந்து கச்சானப் புடுங்கித் தின்னுமா? போங்க நீங்க."

யானை வரவில்லை. காற்று வந்தது.

கச்சான் செடியை வேரோடு பிடுங்குவார்கள். பிடுங்கினால் நிலம் கிளறிக் கிடக்கும். அந்தக் கோடையில் சிவப்புப் புழுதி எழும்பிக் கிழக்கே போனது. அடுத்த கோடையிலும் போனது. பிறகு சரளைக் கல் தெரிந்தது. செடியைப் பிடுங்கினால் பாதி பருப்பில்லாப் பொக்கு. போட்ட உரப்பசளையும் பறந்தது.

அந்தக் காணி மகளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அதுதான் காக்காவைத் தின்றது.

"தந்த காணி தந்த இடத்திலதானே வாப்பா இரிக்கி" என்பாள் மகள்.

"தோல் போயிட்டு மகள். எலும்பத்தான் தந்திரிக்கன்."

அதன் பிறகு மேற்கு எல்லையில் காற்றை மறிக்கக் கிளிசரியாக் கம்பும் வேம்பும் நட்டார். மோட்டார் சைக்கிளில் பிளாஸ்டிக் கானைக் கட்டிக் கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினார். கருகினால் மறுபடி நட்டார். பிடுங்கிய நிலத்தைக் குழை பரப்பி மூடினார். களைத்துப் போனேன் என்று சொன்னது இல்லை. ஒருவரையும் கடுமையாக ஏசியதும் இல்லை, யானையைத் தவிர.

கடைசிக் காலத்தில் இருமல். கல்முனையில் மருந்து எடுத்தோம். காணிக்குப் போக முடியவில்லை. கச்சான் அடித்தால் சாய்ந்தமருது வீட்டுக் கூரைத் தகரத்தில் மண் விழும் சத்தத்துக்கு எழும்பி உட்காருவார்.

"போகுது. கேக்குதா?"

"றோட்டுத் தூசி. படுங்க" என்பார் மதினி.

காக்கா மேசையை விரலால் வழித்து மணந்து பார்ப்பார். "இது என்ட மண்."

காணி எங்கே, வீடு எங்கே. ஆனால் விரலில் இருந்தது சிவப்புத்தான். நானும் பார்த்தேன்.

மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்குமுன், மௌத்தானவரிடம் யாருக்காவது ஹக்கு, வர வேண்டிய கடன், இருந்தால் சொல்லுங்கள் என்று வாசலில் நின்று கேட்பது எங்கள் வழக்கம். நான் கேட்டேன். கிழக்குக் காணிக்காரர் முன்னுக்கு வந்தார்.

"எனக்கு ஒண்டும் வரத் தேவல்ல. நான்தான் குடுக்கணும். அவர்ட மண் என்ட காணிக்குள்ள கிடக்கு. அதிலதான் எனக்கு நல்லா விளைஞ்ச. பொறுத்து, ஹலாலாக்கித் தாங்க."

காணி மகளுடையது. அவள்தான் சொல்ல வேண்டும். திரைக்கு உள்ளே இருந்து குரல் வந்தது.

"ஹலால், மாமா. மூணு பிடி மட்டும் கொண்டு வாங்க."

அவர் போய், அசர் தொழுகைக்கு முன் ஒரு பையில் கொண்டு வந்தார். எல்லாரும் மண் போட்டுக் கபுறு மூடியதும் அந்த மூன்று பிடியை நான் மேலே போட்டேன். கடற்கரை மணலில் அது சிவப்பாகத் தெரிந்தது.

அடுத்த கச்சான் அடித்து ஓய்ந்த பிறகு கபுறடிக்குப் போனேன். தலைமாட்டில் நட்ட மீசான் கட்டை நிற்கிறது. வெள்ளை மணல் கிடக்கிறது. சிவப்பு இல்லை. அங்கிருந்து கிழக்கே கடல்தான். காக்கா ஏறமாட்டேன் என்ற கடல்.

மருந்துக்கு அலைந்தவர்களுக்கும், கபுறு வெட்டியவர்களுக்கும், சோறாக்கித் தந்த பெண்டுகளுக்கும் அல்லாஹ் நற்கூலி தரட்டும். மேற்கு எல்லையில் மிஞ்சிய வேம்புக்கு இப்போது தண்ணீர் ஊற்றுவது கிழக்குக் காணிக்காரர். அவருக்கும் தரட்டும்.

காக்கா யாரையும் நோகடித்திருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். கச்சான் அடிக்கையில் கண்ணில் தூசி விழுந்தால் ஏசாதீர்கள். அது அவருடையதாக இருக்கும். ஹலாலாக்கி விடுங்கள்.